முப்பதாம் நாள் பூசை வரைக்கும் நடக்காதே என்றேன்

அன்புள்ள அருள்,

போனில் என் வாய் எனக்கு அடங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். "எப்படி இருக்கீங்க சித்தப்பா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் நான் மூன்று கடல் மைல் போயிருப்பேன். பேனாவைப் பிடித்தால் அப்படிப் போக முடியவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் நங்கூரம் இழுக்கிற மாதிரி இழுத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இவ்வளவு சிரமப்பட்டு ஒருவன் பொய் எழுத மாட்டான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைக் கோயில் திருவிழா மலரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பங்குச் சாமியாரும் சரி என்றுவிட்டார். உன் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே நம் ஊர் அக்காள்மடம் முழுக்கப் படித்துச் சிரித்து முடித்திருக்கும். கோபப்படாதே. உன்னை நான் ஊர் கூடியிருந்த பந்தலில் வைத்துத்தான் தடுத்தேன். தடுத்தது எல்லார் முன்னாலும், தப்பை ஒத்துக்கொள்வது காதோடு காதாக என்றால் அதில் என்ன நியாயம்? உன்னைத் தெரியாதவர்கள் படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ என் அண்ணன் மகன். உனக்குப் பதினெட்டு வயதில் உன் அப்பா போனார். அதற்குப் பிறகு உன் பாலிடெக்னிக் விடுதிக்கு மாதாமாதம் கருவாடு கொண்டுவந்தவன் நான், உனக்குப் பெண் பார்த்தவன் நான், கல்யாணத்தில் உன் மாலையை நேராக்கியவன் நான். பெற்றவன் இல்லை என்றாலும் மகனே என்று கூப்பிட எனக்கு அவ்வளவு பாத்தியதை இருக்கிறது.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். திருவிழாக் கொடி ஏறின மறுநாள் உனக்கு நாற்பத்து மூன்று ஆகிறது. உன் அப்பா போனதும் நாற்பத்து மூன்றில். இந்த ஒரு கணக்கு போன வருஷத்திலிருந்து என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சோற்று உருண்டை, வாழைப்பழம் எதற்கும் இறங்க மாட்டேன் என்கிறது. நீ டாக்டர் சொன்னபடி தினமும் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த முள் இல்லை. நாலு வருஷம் நடந்தாயே! அந்த நாலு வருஷமும் நான் ஊரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். "எங்க அருளு மெட்ராஸ்ல தினம் காலையில மெரினாவை ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் பல்லே வெளக்குறான்" என்று டீக்கடையில் சொன்னேன். கடற்கரையை எப்படிச் சுற்ற முடியும், ஒரு பக்கம் கடல் அல்லவா என்று ஒருவன் கேட்டான். "எங்க வம்சத்துக்கு முடியும்லே" என்றேன். நீ நடந்தது உன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் என்பதும், முக்கால் மணி நேரம் என்பதும், சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது இறங்கிவிட்டது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உண்மையே போதுமான அளவுக்கு நன்றாக இருந்தது. ஆனாலும் வெறும் உண்மையை வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது. சட்டை போடாத பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும்.

அந்த நடையை நிறுத்தியது நான்.

உன் அம்மாவை அடக்கம் செய்து ஐந்தாவது நாள். வீட்டு முன்னால் பந்தல், நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், காலைக் காப்பி. தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வந்த சொந்தங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ உள்ளேயிருந்து அந்தச் சாம்பல் நிற ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாய். முகம் வீங்கியிருந்தது. ஐந்து நாளாக நீ தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஏலே, எங்கன கிளம்பிட்ட?" என்றேன்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வாரேன் சித்தப்பா. மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

"அம்மாவை மண்ணுல வச்சு அஞ்சு நாள் ஆகல. சப்பாத்து மாட்டிக்கிட்டு ஓடப் போறியாக்கும்? ஊரு என்ன பேசும்?"

பாம்பன் பெரியவர் ஒருவர், எனக்குத் தூரத்து மாமா முறை, காப்பியை உறிஞ்சிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்: "மெட்ராஸ்காரவுகளுக்கு எழவு வீடும் ஒண்ணுதான், எக்சிபிஷனும் ஒண்ணுதான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பந்தலுக்கே கேட்கிற குரலில், "முப்பதாம் நாள் பூசை முடியட்டும். அதுவரைக்கும் காலு வாசலைத் தாண்டக் கூடாது. நம்ம ஆளுக துக்கத்துல படகையே கட்டிப் போட்டுருவோம். உனக்கு நடை கேக்குதோ?" என்றேன்.

நீ குனிந்து ஷூவைக் கழற்றினாய், நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தாய், உள்ளே போய்விட்டாய். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு வேதனைப்பட மாட்டேன். யாருக்குத் துக்கம் வந்தாலும் கடலுக்குப் போகமாட்டோம் என்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் கடல் பிழைப்பு. உன் நடை மருந்து. துக்க வீட்டில் உன் அம்மாவின் பிரஷர் மாத்திரை டப்பாவைக்கூட அலமாரியில் அப்படியே வைத்திருந்தோம். நான் மறுநாளே சோற்றுக்கு முன்னால் என் மாத்திரையைப் போட்டேன். அதற்கு ஒருவரும் ஊர் என்ன பேசும் என்று கேட்கவில்லை. மாத்திரை வாய்க்குள் போகிறது, யாருக்கும் தெரிவதில்லை. நடை தெருவில் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மறுநாள் நீ நடப்பாய் என்று நினைத்தேன். மறுநாள் ரயில். அங்கே போனால் ஆபீசில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. அப்புறம் மழை வந்தது, பூங்காவில் தண்ணீர் நின்றது. அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒவ்வொன்றும் நியாயமான காரணந்தான், ஒன்றையும் நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் நிறுத்தியது மழை இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் கயிற்றை அவிழ்த்து விட்டவன் நான். பிறகு படகு தானாகத்தான் நகர்ந்தது.

அதோடு விட்டேனா? மூன்று மாதம் கழித்து நீ மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, சும்மா இருந்திருக்கலாம். "பத்து நிமிஷம் நடலே, போதும்" என்று சொல்லியிருக்கலாம். என் வாய் என்ன சொன்னது? "விட்டதையெல்லாம் வட்டியோட பிடிலே! நீ யாரு மகன்? எடுத்த எடுப்புல ஓடு!" என்றது. நீ ஓடினாய். முதல் நாளே பழைய தூரம் முழுக்க ஓடினாய். முழங்கால் பிசகிவிட்டது. ஆறு வாரம் கட்டு. நாள் கணக்கில் கரையில் கிடந்த படகைக் கிளப்பினதும் முழு வேகத்தில் விரட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு, அதை ஒரு மனுஷக் காலுக்குப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை.

படகு என்றதும் நான் சொல்லியே ஆக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இந்த இடத்தில் ஒரு நாள் முழுக்கப் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

உன் அப்பா எப்படிப் போனார் என்று நான் உனக்கு ஒரு கதை சொல்லி வளர்த்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாள், வலை நிறைய மீன், படகே ஒரு பக்கம் சாய்கிற பாரம், எட்டு ஆள் இழுக்க வேண்டிய வலையை அண்ணன் ஒற்றை ஆளாக இழுத்தார், கடைசிக் கண்ணி மேலே வந்ததும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், அப்படியே போனார், கடலே கை கூப்பியது. இந்தக் கதையை உன் கல்யாண வீட்டில் சொன்னபோது உன் மாமனார் அழுதார். கடல் கை கூப்புகிற இடத்தை நான் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் தடைக்காலம் நாற்பத்தைந்து நாள்தான், இப்போது போல இரண்டு மாதம் இல்லை. படகுகளெல்லாம் நிற்கும். நின்றாலும் எஞ்சினை அப்படியே போட்டுவிடக் கூடாது. ஒன்றுவிட்ட நாளாவது போய்ப் பத்து நிமிஷம் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் உப்புக் காற்றில் உள்ளே இறுகிவிடும், பேட்டரி இறங்கிவிடும். உன் அப்பா அதைப் படகு டிரைவரிடமும் விடமாட்டார், தானே போவார். தினமும் காலையில் வீட்டிலிருந்து ஜெட்டி வரைக்கும் நடை, பத்து நிமிஷம் எஞ்சின், திரும்பி நடை. அதற்கு முந்தின வருஷம் ராமநாதபுரத்து டாக்டர் ஒருவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போகாத நாள்லயும் உடம்பு அசையணும்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடந்தார். கடலோடி ஒருவன் வேலை இல்லாமல் ரோட்டில் சும்மா நடந்தால் ஊர் கேலி செய்யும் என்று அவருக்கும் கூச்சம் இருந்திருக்கிறது பார். எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும்.

அந்த வருஷம் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரத்தில் அண்ணனுக்குக் காலில் ஆணி குத்திவிட்டது. நாலு நாள் நடக்க முடியவில்லை. நான் போய், "நீங்க சும்மா படுங்கண்ணே. நான் சைக்கிள்ல போயி ஓட்டிட்டு வாரேன்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். "தம்பி தலையெடுத்துட்டான்" என்று மதினியிடம் சொன்னார். ஐந்தாவது நாள் கால் ஆறியது. "இனி நான் போறேன்லே" என்றார். நான் விடவில்லை. "இத்தனை வருசம் ஓடுனது பத்தாதா? முதலாளி மாதிரி உக்காருங்க" என்றேன். பாசந்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாசத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் ஜெட்டிக்குப் பக்கத்து மீன் வாடிக் கொட்டகையில் சீட்டாட்டம் நடக்கும். முதல் இரண்டு தடவை எஞ்சினை ஓட்டினேன். அப்புறம் சீட்டு மட்டும் ஆடினேன். திரும்பி வந்து, "ஓட்டிட்டேண்ணே, சிங்கம் மாதிரி உறுமுது" என்பேன். எப்படி உறுமியது என்று வாயால் செய்துகாட்டுவேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி சிரிப்பார்.

தடை முடிந்த அன்று காலையில் எல்லாப் படகும் வரிசையாகக் கிளம்பியது. ஜெட்டிக்குத் தள்ளி நங்கூரத்தில் நின்ற எங்கள் படகு மட்டும் கிளம்பவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. கரைக்கு வந்து இன்னொருவரிடம் பேட்டரி கேட்டு வாங்கி, லாரிக்குப் போடுகிற பேட்டரி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார். நாற்பது நாளாக அசையாத உடம்பு. "நான் தூக்குறேண்ணே" என்றேன். "நீ தூக்குனது போதும்" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். எஞ்சின் ஓடியது. கடலுக்குப் போனோம். முதல் வலையில் வந்தது தொட்டால் அரிக்கிற கடல் சொறியும் பாசியும். மீன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வலைமேல் உட்கார்ந்து, "தம்பி, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குலே" என்றார். படகைத் திருப்பினோம். கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கோயில் கோபுரம்கூடத் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த நாற்பது நாளால்தான் உன் அப்பா போனார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எப்படியும் வந்திருக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். அதை நானும் பல வருஷம் பிடித்துக்கொண்டு மிதந்தேன். ஆனால் எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். அவள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. நான் மீன் கதையைச் சொல்லும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய்விடுவாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுடைய துக்கத்தைக் காட்டித்தான் நான் உன் காலைக் கட்டினேன். அவள் உயிரோடு பந்தலில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "அவன் போகட்டும் கொழுந்தனாரே" என்றிருப்பாள். குரல்கூடக் கேட்கிறது.

அண்ணனிடம் செய்ததை இந்த வருஷம் உன்னிடமும் செய்தேன். உன் முழங்கால் ஆறினதும் நாம் ஒரு ஒப்பந்தம் போட்டோமே, "நீ அங்கன நட, நான் இங்கன நடக்கேன், காலையில ஆறரைக்குப் போன்ல பேசிக்குவோம்" என்று. முதல் நாள் நான் நடந்தேன். சத்தியமாக நடந்தேன். இரண்டாம் நாள் இடுப்பு வலி. மூன்றாம் நாளிலிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் போன் போட்டேன்.

"முடிச்சாச்சாலே?"

"முடிச்சாச்சு சித்தப்பா. நாலு கிலோமீட்டர்."

"நான் ஆறு. பாம்பன் பாலத்தைத் தொட்டுட்டு வந்துட்டேன்."

டீ ஆற்றுகிறவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான். இப்படியே இரண்டு மாதம். ஒருநாள் நீ நாலு கிலோமீட்டர் என்று சொல்லும்போது உனக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பூங்காவில் யார் பருப்பு வேகவைக்கிறார்கள்? அதைவிட, உன் குரல். தொடக்கத்தில் கொஞ்சம் இழுவை, கடைசியில் கொஞ்சம் சிரிப்பு. அது என் குரல் மகனே. "சிங்கம் மாதிரி உறுமுது" என்று சொன்ன அதே குரல். அதை இருபத்து நாலு வருஷம் கழித்து என் காதாலேயே கேட்டேன். கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். நீயும் எனக்குப் பின்னால் டீக்கடை டிவிச் சத்தத்தைக் கேட்டிருப்பாய். கேட்டும் சும்மா இருந்திருப்பாய். ஒருவர் பொய்யை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தே பாம்பன் வரைக்கும் போய் வந்திருக்கிறோம்.

அன்று மத்தியானம் ஷீலாவுக்குப் போன் போட்டேன். உன் மனைவியைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்: "மாமா, லிப்ட் ரிப்பேர் ஆனதுலருந்து மாடிப்படிலதான் ஏறுறோம். அவுக ரெண்டாவது மாடியில நின்னு போனை எடுத்துப் பாக்குறாக. மெசேஜ் வந்த மாதிரி. நான் முன்னால போயிடுறேன். திரும்பிப் பாத்தா கைப்பிடியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாக. போன் லைட்டுகூட எரியல மாமா." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது ஆறுதல் அளந்துவிட்டிருப்பேன். "நீங்க சொன்னா கேப்பாக" என்றாள். நான் சொன்னதைக் கேட்டதால்தானே இந்த நிலைமை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதனால் சொல்கிறேன், பந்தலில் சொன்னது தப்பு. இனிமேல் உன் வீட்டில் எந்தத் துக்கம் வந்தாலும், என் துக்கமே வந்தாலும், ஐந்தாம் நாள் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். என்னைக் குழியில் வைத்துவிட்டு வருகிற வழியிலேயே கொஞ்சம் சுற்றிக்கொண்டு நடந்து வா. எவனாவது கேட்டால் இந்த மலரை எடுத்து நீட்டு. காலை வேலை வாரத்தில் நடக்க நேரம் இல்லையா, நடக்காதே, எஞ்சினை மட்டும் ஓட்டு. பத்து நிமிஷம். வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் போ. பிள்ளைக்குக் காய்ச்சலா, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போ. மழையா, மாடிப்படி இருக்கிறது. படியில் மூச்சு வாங்கினால் நின்றுகொள், ஆனால் ஷீலாவை முன்னால் அனுப்பிவிட்டு நிற்காதே. அவள் கண் முன்னால் நில். அதற்கு முன்னால் ஒருமுறை நெஞ்சை டாக்டரிடம் காட்டு. எவ்வளவு நடக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும், நான் சொல்ல வேண்டாம். என் பேச்சில் ஓடித்தான் ஒரு முழங்கால் போனது. காட்டிவிட்டு எனக்குச் சொல். டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் குறைக்காமல் சொல். கூட்டுவது என் தொழில், குறைப்பது உன் தொழிலாகிவிட்டது போல இருக்கிறது.

உன் ஷூ இங்கேயேதான் இருக்கிறது. பந்தல் பிரித்த அன்று நாற்காலிகளை அடுக்கும்போது கிடைத்தது. உள்ளே மணல் ஏறியிருந்தது. தட்டி எடுத்து வைத்தேன். நீ கேட்பாய் கேட்பாய் என்று பார்த்தேன், நீ கேட்கவே இல்லை. குக்கர் விசில் கேட்ட மறுநாள் அதை நான் மாட்டினேன். எனக்கு ஒரு நம்பர் பெரிசு. முன்னால் பழைய சாரத்துணியைக் கிழித்துத் திணித்துக்கொண்டேன். வேட்டியும் ஷூவுமாகத் தெருவில் இறங்கினால் சும்மா விடுவார்களா? "என்ன பெருசு, பிளேன் ஏறப் போறியளா?" என்றான் டீ ஆற்றுகிறவன். வழக்கமாக நான் ஆமாம், அமெரிக்காவுக்கு என்றிருப்பேன். அன்றைக்கு, "நடக்கப் போறேன்லே. நெசமாவே" என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. என் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து அவன் கேட்டதில்லை.

இன்றைய கணக்கை எழுதுகிறேன். இதில் ஒரு எழுத்துகூட ஜரிகை இல்லை. வீட்டிலிருந்து மாதா சொரூபம் நிற்கிற கெபி வரைக்கும் போனேன். பாம்பன் பாலம் இல்லை, தங்கச்சிமடம்கூட இல்லை, மெயின் ரோட்டைத் தாண்டவே இல்லை. போகும்போது ஒருமுறை நின்றேன், வரும்போது இரண்டு முறை. இரண்டாவது முறை எதிரே ஆள் வந்ததால் நானும் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நின்றேன். என்னுடையது பட்டன் போன், அதில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கும்போது நீ மாடிப்படியில் நிற்பது கண்ணில் தெரிந்தது, சிரிப்பு போய்விட்டது.

நாளைக்கு ஆறரைக்குக் கூப்பிடுவேன். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல். குக்கர் விசில் அடிக்கட்டும், மறைக்காதே. ரெண்டாவது மாடி வரைக்கும்தான் முடிந்தது என்றால் ரெண்டாவது மாடி என்று சொல், அதற்குமேல் ஒரு படிகூடச் சேர்க்காதே. நானும் கெபி என்றால் கெபி என்றுதான் சொல்வேன். இந்த வயதில் எனக்கு அது ஆறு கிலோமீட்டரைவிடக் கஷ்டம், ஆனாலும் சொல்வேன்.

உன் அப்பாவின் முகம் எனக்கு நாற்பத்து மூன்றோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வயதில் அவருக்கு எங்கே நரைத்திருக்கும், சிரித்தால் கண்ணோரம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவோ இட்டுக்கட்டியவன், இதை மட்டும் என்னால் இட்டுக்கட்ட முடியவில்லை. அதை நான் உன் முகத்தில்தான் பார்க்க வேண்டும். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு வா மகனே, வந்து காட்டு. பாலத்தில் இறங்கி நடந்து வா என்று சொல்லமாட்டேன். பஸ்ஸிலேயே வா. நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் மட்டும் சேர்ந்து நடப்போம். உன் ஷூவைத் துடைத்து வைத்திருப்பேன்.

உன்னை நினைத்து,
சித்தப்பா